டேர்போவை அடைத்த அக்கா

பெயரைச் சொல்லமாட்டேன். சொன்னால் அக்கா சண்டைக்கு வரமாட்டார், சிரிப்பார். அந்தச் சிரிப்புத்தான் பயம். என்றைக்கோ ஒருநாள், எல்லாவற்றையும் மறந்து நான் நிம்மதியாகச் சோறு தின்றுகொண்டிருக்கிற நேரம் பார்த்து, எனக்குரியது வாசலுக்கு வந்துசேரும். ஆகவே லொறிக்கார அக்கா என்றே வைத்துக்கொள்வோம். குருநகர்ப் பக்கத்துச் சனமும் அப்படித்தான் சொல்லும். நான் இப்போது பருத்தித்துறை பஸ் ஓட்டுகிறேன். அதற்கு முன்னால் அவருடைய மீன் லொறியை ஓட்டினேன், கரையிலிருந்து கொழும்புச் சந்தைக்கு.

ஆள் கட்டை. ஓட்டத்தில் எனக்குப் பக்கத்துச் சீற்றில்தான் இருப்பார்; கால் கீழே முட்டாது. அதற்காகக் காலடியில், ஐஸ் போட்டு மீன் அடைக்கிற ஒரு வெள்ளை ரிஜிபோம் பெட்டியின் மூடி. கவுன் சட்டைக்கு மேலே செத்துப்போன புருஷனுடைய முழுக்கைச் சேர்ட், கையை மடித்துவிட்டபடி. முன் கண்ணாடியில் அவருடைய செபமாலை தொங்கும். அதற்குக் கீழே நான் ஒட்டிய பிள்ளையார். அதைப்பற்றி ஒருநாளும் ஒரு சொல் சொன்னதில்லை. யாராவது அவரை ஏமாற்றினால், பழித்தால், வரிசையில் இடித்துக்கொண்டு முன்னுக்குப் போனால், அவருடைய வாயில் ஒரே வசனம்தான் வரும்: "அவசரமில்லைத் தம்பி, குடுப்பம்." மற்றவர்கள் கோபத்தை உடனே கொட்டித் தீர்த்துவிட்டு வீட்டுக்குப் போய்ப் படுப்பார்கள். அக்கா அதை மீன் மாதிரி ஐஸ் போட்டு வைத்திருப்பார்.

ஐஸ் என்றதும் ஐஸ்காரனைச் சொல்லாமல் விடக்கூடாது. ஐஸ் உடைத்துக் கொடுக்கிற இடத்தில் ஒருத்தன் இருந்தான். ஒருநாள் கூட்டத்துக்குள்ளே அக்காவைப் பார்த்து, "ஏய் பொம்பிளை, தள்ளி நில். ஆம்பிளையள் எடுத்துக்கொண்டு போகட்டும்" என்றான். அக்கா தள்ளி நின்றார். கடைசி ஆளாக ஐஸை வாங்கிக்கொண்டு சிரித்தபடி வந்து லொறியில் ஏறினார். எனக்குத்தான் இரத்தம் கொதித்தது. இறங்கிப்போய் ரெண்டு குடுக்கட்டோ அக்கா என்று கேட்டேன். "அவசரமில்லைத் தம்பி."

அடுத்த வருஷம் பஸ்காரர் வேலைநிறுத்தம் செய்த ஒருநாள். நாவற்குழிச் சந்தியில் அவன் நிற்கிறான். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சேர்ட், முகத்தில் பவுடர். அக்கா லொறியை நிறுத்தச் சொன்னார்.

"எங்கை தம்பி, வடிவா வெளிக்கிட்டு?"

"பரந்தனுக்கக்கா. பொம்பிளை பாக்க."

"அட, நல்ல காரியமெல்லே! ஏறும், ஏறும். முன்னுக்கு இடமில்லை, பின்னாலை ஏறும்."

முன்னுக்கு மூன்று பேர் இருக்கலாம். நடுச் சீற்றில் அக்கா சாப்பாட்டுப் பையைத் தூக்கி வைத்தார். பின்னால் அன்றைக்கு முழுக்கத் திருக்கையும் சூடையும். அவன் பெட்டிகளுக்கு நடுவில், படங்குக்குக் கீழே குந்திக்கொண்டான். படங்கு என்பது லொறியை மூடுகிற அந்தத் தடித்த சீலை. உள்ளே காற்றும் இல்லை, வெளிச்சமும் இல்லை. "பள்ளம் கண்டா விலத்தாதை" என்றார் அக்கா. நான் ஒன்றைக்கூட விலத்தவில்லை. பரந்தனில் இறங்கும்போது திருக்கைத் தண்ணீர் அவனுடைய நெஞ்சுவரை ஏறியிருந்தது. அக்கா தலையை வெளியே நீட்டி, "போம் தம்பி, ஆம்பிளையள்தானே முன்னுக்குப் போகோணும்" என்றார். அப்போதுதான் அவனுக்கு விளங்கியது. அந்தக் கலியாணம் சரிவரவில்லை. அவன் வேதக்காரன், கிறிஸ்தவன்; சாதகம் பார்க்கிற வழக்கமும் இல்லை. ஆகவே மீன்தான் காரணமாக இருக்கவேண்டும்.

ஆனால் ஒன்று. கொடுத்து முடித்தால் அக்காவுக்கு அந்த ஆளில் மனஸ்தாபமே இராது. அதே ஐஸ்காரனுக்குப் பிறகு நாவாந்துறையில் பொம்பிளை பார்த்துக் கலியாணத்தை முடித்து வைத்தவர் அக்காதான். கலியாண வீட்டில் முன்வரிசையில் இருந்து புரியாணி சாப்பிட்டார். சுவாமியார் ஒருமுறை பாவசங்கீர்த்தனத்தில், மன்னிக்கப் பழகு பிள்ளை என்று சொன்னாராம். "மன்னிப்பன் சுவாமி. முதல்லை குடுத்துப்போட்டு மன்னிப்பன்" என்று இவர் பதில் சொன்னாராம். இதை அக்காவே எனக்குச் சொல்லிச் சிரித்தார்.

கொடுக்காமல் வைத்திருந்தது ஒன்றே ஒன்றுதான். அது அவருடைய புருஷனின் தமையனுக்குரியது.

சொந்தமாக நாலைந்து மீன்பிடிப் போட்டும் வலையும் வைத்து ஆட்களைக் கடலுக்கு அனுப்புகிறவரைச் சம்மாட்டி என்பார்கள். இவன் பெரிய சம்மாட்டி. மரியாதை குறைகிறது என்று நினைக்கிறவர்கள் நினைக்கட்டும். எனக்கு அவன் அவன்தான். முதலில் நான் அவனுடைய லொறியைத்தான் ஓட்டினேன். நான் தென்மராட்சிக் கமக்காரக் குடும்பம். நல்லூர்த் திருவிழா தொடங்கினால் முடியும்வரை மச்சம் தொடமாட்டேன். பின்னுக்கு ஒரு லொறி மீனை வைத்துக்கொண்டு விரதம் காக்கிறான் என்று எல்லாரும் பகிடி பண்ணுவார்கள், நானும் சிரிப்பேன். இவன் ஒருநாள் நான் குடித்துக்கொண்டிருந்த தேத்தண்ணிக்குள்ளே ஒரு சூடை மீனைப் பிடித்துப் போட்டுவிட்டு, "உன்ரை முருகனுக்கும் குடு" என்றான். துறை முழுக்கச் சிரித்தது. கோப்பையை லொறித் திறப்போடு அவனுடைய மேசையில் வைத்துவிட்டு நேரே அக்கா வீட்டுக்குப் போனேன்.

"உனக்கு உவரிலை கோவமோ?" என்று கேட்டார் அக்கா.

"ஓமக்கா."

"நாளைக்கு ஆறிப்போற கோவமோ, இருக்கிற கோவமோ?"

"இருக்குமக்கா."

"காணும். நாளைக்கு வா." லைசன்ஸ் இருக்கிறதா என்றுகூடக் கேட்கவில்லை.

அக்காவின் கோபத்துக்கு முன்னால் என்னுடையது தூசு. அவருடைய புருஷன் கடலில் காற்றில் அகப்பட்டு, போட் கவிழ்ந்து செத்துப்போனார். உடம்பு இரண்டாம் நாள் கரைக்கு வந்தது. செத்தவீட்டில், பெட்டிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, ஊர்ச்சனம் முழுக்கக் கேட்கச் சம்மாட்டி சொன்னான்: "என்ரை தம்பி கடலாலை சாகேல்லை. இவளின்ரை வாயாலை செத்தவன்." அவர் கடலுக்குப் போன அன்று மத்தியானம் புருஷனுக்கும் பெண்சாதிக்கும் சண்டை நடந்தது உண்மை. லொறிப் படங்கை அவர் போட்டுக்கு எடுத்துவிட்டார் என்று அக்கா கத்தியிருக்கிறார். பக்கத்து வீட்டுக்காரர் எல்லாரும் கேட்டிருக்கிறார்கள். கோபத்தோடு வெளிக்கிட்டவர் திரும்பவில்லை. பிறகென்ன, சம்மாட்டி சொன்னது அப்படியே ஊரில் ஒட்டிக்கொண்டது.

பெட்டிக்குத் தலைமாட்டில் இருந்த மாமி, புருஷனுடைய தாய், காது மந்தமாக இருந்தும் அந்தச் சத்தத்தில் அதைக் கேட்டு அக்காவின் கையை உதறினாராம். அடுத்த கிழமை மூத்த மகன் வீட்டோடு போய்விட்டார். அதற்குப் பிறகு அக்கா போய்ப் படலையில் நின்றால் உள்ளேயிருந்து யாரோ வந்து, "மாமி நித்திரை" என்பார்கள். பகல் பத்து மணிக்கும் நித்திரை, பின்னேரம் ஐந்து மணிக்கும் நித்திரை. தாயில்லாமல் வளர்ந்த அக்காவுக்குத் தலை வாரிப் பின்னிவிட்டதே அந்த மாமிதான். இதைச் சொல்லும்போது மட்டும் அக்கா சிரிப்பதில்லை.

"என்ரை வாயாலை செத்தவரோ தம்பி?" என்று ஒருமுறை கேட்டார். விசர்க் கதை கதையாதைங்கோ என்றேன். ஆனால் அவருக்கே அதில் அரைவாசி நம்பிக்கை இருந்தது. அதுதான் எனக்கு வயிறெரிந்தது. ஒருத்தியின் புருஷனும் போய், அவன் போன பழியையும் அவள் தலையிலே கட்டிவிட்டு, ஒருத்தன் மீசையை முறுக்கிக்கொண்டு பூசைக்கு வந்து முன் வாங்கில் இருக்கிறான்!

அதோடு விடவுமில்லை. லொறி அக்காவுக்குத் தகப்பன் சீதனமாகக் கொடுத்தது. லொறியின் பதிவுப் புத்தகம் அவருடைய பெயரில். அதையும் விழுங்கப் பார்த்தான். அக்காவுக்கு மீன் கொடுக்கிற போட்காரர் ஆறேழு பேர்தான். கொழும்பில் வடக்கிலிருந்து முதலில் போய் இறங்குகிற லொறிக்குத்தான் விலை. பிந்திப்போனால் சந்தைக்காரன் மீனை மூக்கால் பார்ப்பான். சம்மாட்டியின் லொறி புதிது, எங்களுடையது பழசு. நல்லூர்த் திருவிழாக் காலத்தில் யாழ்ப்பாணத்தில் பாதிச் சனம் மீன் தின்னாது. ஆகவே கரையில் பிடிபடுகிற எல்லாமே கொழும்புக்குத்தான். அந்த வருஷத் திருவிழாவுக்குள் நாங்கள் முந்தாவிட்டால் அந்த ஆறேழு பேரும் அவனிடம் போய்விடுவார்கள். மீன் இல்லாத லொறியை விற்கத்தான் வேணும். வாங்குவதற்கு அவன் ஒருத்தன்தான் காத்திருந்தான்.

"உவர் ஒருநாள் என்னட்டை வாய் திறந்து கேக்கோணும்" என்பார் அக்கா. "அண்டைக்கு நானும் ஒண்டு கேப்பன். செத்தவீட்டிலை சொன்னதைத் திருப்பி எடு எண்டு கேப்பன்."

அப்படித்தான் நாங்கள் கொடிகாமத்து மெக்கானிக்கிடம் போனோம். டேர்போ என்பது எஞ்சினுக்கு மூச்சுக் கொடுக்கிற சாமான். எஞ்சின் விடுகிற புகையின் வேகத்திலே சுற்றி, காற்றை அமுக்கி உள்ளே தள்ளும். காற்று கூடினால் இழுவை கூடும். அளவு மிஞ்சினால் எஞ்சின் வெந்துபோகும் என்று கொம்பனிக்காரன் அதற்குப் பக்கத்தில் ஒரு தகரக் குமிழை வைத்திருக்கிறான். அழுத்தம் கூடும்போது மெல்லிய றப்பர் குழாய் வழியாகக் காற்று அந்தக் குமிழுக்குப் போய், ஒரு கம்பியைத் தள்ளி, சின்னக் கதவு ஒன்றைத் திறந்துவிடும். மிச்சப் புகை டேர்போவைச் சுற்றாமல் வெளியே போய்விடும். அந்தக் குழாயைக் கழற்றி அடைத்துவிட்டால் கதவு திறக்காது. லொறி பேய் பிடித்தமாதிரி இழுக்கும்.

மெக்கானிக் தலையில் கைவைத்தான். "அக்கா, உது கொம்பனிக்காரன் விசரிலை வைச்ச சாமானில்லை."

"அவன் ஜப்பானிலை இருந்து வைச்சவன். அவனுக்கு என்ரை சம்மாட்டி மச்சானைத் தெரியாது. அடை."

"எஞ்சின் வெந்துபோமக்கா. கன ஓட்டம் தாங்காது."

"எனக்கு ஒரு கிழமை காணும்."

அவன் முணுமுணுத்துக்கொண்டே குழாயைக் கழற்றி, ஒரு கட்டை ஆணியைச் செருகிக் கிளிப் போட்டு இறுக்கினான். பிறகு என்னைத் தனியாகக் கூப்பிட்டான். "வெக்கை காட்டுற முள்ளிலை ஒரு கண் வைச்சிரு. முறிகண்டியிலை எப்பிடியும் நிப்பாட்டுவாய்தானே? எஞ்சினை உடனை நிப்பாட்டிப்போடாதை. சும்மா ஓடவிட்டு ஆறவிடு. தேங்காய் உடைச்சு, கச்சான் வாங்கித் தின்னுற நேரம். அது போதும்."

முறிகண்டிப் பிள்ளையாரைத் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன்: கண்டி றோட்டில் போகிற எந்த வாகனமும் அந்தக் கோயிலில் நிற்காமல் போகாது. சைவக்காரன் தேங்காய் உடைப்பான், மற்றவன் கச்சான், அதுதான் வறுத்த நிலக்கடலை, வாங்குவான். நிற்காமல் போனால் வழியில் நிற்கவேண்டி வரும் என்பார்கள். முதல்நாள் நான் அக்காவிடம் கேட்டேன், அவசரத்தில் ஓடுகிறோமே, நிறுத்துவதா என்று. "நிப்பாட்டு. பிள்ளையாரோடை எனக்கென்ன கோவம்?" என்றார்.

அந்தக் கிழமையை நான் சாகும்வரை மறக்கமாட்டேன். மத்தியான வெயிலில் ஆனையிறவுத் தரவை, இரண்டு பக்கமும் உப்பு வெளி, நேர் றோட்டு. முன்னால் சம்மாட்டியின் லொறி. அவன் தானே முன்சீற்றில் இருக்கிறான். நான் மிதித்தேன். டேர்போ ஊளையிட்டது. பின்னால் கரும்புகை. பக்கவாட்டில் போகும்போது அக்கா கண்ணாடியை இறக்கி, பூசைக்குப் போகிற பொம்பிளை மாதிரி அடக்கமாகத் தலையை ஆட்டி அவனைப் பார்த்துச் சிரித்தார். அவனுடைய வாய் திறந்தபடி நின்றது. எனக்கு அப்போது இருந்த சந்தோஷம், பொய் சொல்லமாட்டேன், என் மூத்தவள் பிறந்த அன்றுகூட இருந்ததில்லை. தேத்தண்ணிக்குள் கிடந்த சூடைக்கும் சேர்த்து மிதித்தேன்.

கிழமை முடியக் கொழும்பில் எங்களுக்கு முதல் விலை. போட்காரர் இன்னும் நாலு பேர் எங்கள் பக்கம் வந்தார்கள். வெக்கை முள் ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கொஞ்சமாக ஏறிக்கொண்டிருந்தது. சொன்ன நாளில் அக்கா மெக்கானிக்கிடம் போய்க் கட்டை ஆணியைப் பிடுங்குவித்தார். லொறி பழையபடி பசுமாடு ஆகிவிட்டது. "ஒருத்தருக்கும் சொல்லாதை" என்றார்.

இரண்டு நாளில் சம்மாட்டியின் டிரைவர் ஒரு சாராயப் போத்தலோடு என்னிடம் வந்தான். என்னடாப்பா செய்தனீங்கள், லொறி பறக்குது என்றான். நான் ஓடிப்போய் அக்காவிடம் சொன்னேன்.

"சொல்லு" என்றார் அக்கா.

"அக்கா?"

"கேட்டா சொல்லத்தானே வேணும். குழாய் எது, எப்பிடி அடைக்கிறது, எல்லாம் வடிவாச் சொல்லிக்குடு."

"முறிகண்டியிலை ஆறவிடுறதையும் சொல்லட்டோ?"

"ஏன் சொல்லாமல்? அதைத்தான் முதல்லை சொல்லு." வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டே சொன்னார்: "சொன்னாலும் உவர் நிக்கமாட்டார். தனக்குப் பின்னாலை நான் வாறன் எண்டு தெரிஞ்சா, உவர் மூத்திரத்துக்கும் இறங்கமாட்டார். அவரோடை ஒரே குடும்பத்திலை இருந்தனான் தம்பி."

ஒரு சொல் விடாமல் சொல்லிக்கொடுத்தேன். அவர்கள் அடைத்தார்கள். அடுத்த நாளே ஆனையிறவில் எங்களை விலத்திக்கொண்டு போனார்கள். சம்மாட்டி கையை வெளியே நீட்டி எங்களுக்கு வழியனுப்பினான். அக்காவும் கை காட்டினார். முறிகண்டியில் பார்த்தால் அவர்களுடைய லொறி இல்லை. "நிக்கேல்லை" என்றார் அக்கா. கச்சான் சுருளை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாக உடைத்துத் தின்றார். இரண்டாம் நாளும் இல்லை. மூன்றாம் நாளும் இல்லை. "பிள்ளையாருக்குத் தேங்காய் உடைக்கிறது உங்கடை ஆக்களின்ரை விசர்" என்று சம்மாட்டி தன் டிரைவரை ஏசினானாம். போட்காரர் திரும்பவும் அவனிடம் போனார்கள். எங்களுடைய லொறியில் பாதி வெறுமை. திருவிழா முடிய இன்னும் சில நாட்கள்தான். அக்கா கச்சான் தின்றுகொண்டிருந்தார்.

நல்லூர்த் தேருக்கு முதல்நாள். முறிகண்டி தாண்டி, காடு தொடங்குகிற இடத்தில், சம்மாட்டியின் லொறி றோட்டோரம் நிற்கிறது. முன்னுக்கு வெள்ளை ஆவி. றேடியேற்றர் கொதித்து, கேஸ்கற் வெடித்து, எண்ணெயும் தண்ணியும் கலந்து றோட்டில் ஓடுகிறது. டிரைவர் தலையில் கையை வைத்துக்கொண்டு குந்தியிருக்கிறான். பின்னால் துறையில் பாதிச் சனத்தின் மீன். ஐஸ் உருகி, படங்குக்குக் கீழாலே தண்ணீர் சொட்டுகிறது. கொழும்பு லொறிகள் மற்றதெல்லாம் முன்னாலே போய்விட்டன. நான் அக்காவைப் பார்த்தேன். "நிப்பாட்டு" என்றார். குரலில் ஒரு அவசரமும் இல்லை.

அவர் இறங்கவில்லை. கண்ணாடியை இறக்கிவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். சம்மாட்டி வந்து கதவடியில் நின்றான். வேர்த்து வழிந்தது.

"பெட்டியளை மாத்தி ஏத்தினா..." என்றான். "சனத்தின்ரை மீன்."

"கேக்கிறியளோ?"

"ஓம். கேக்கிறன்."

"அப்ப செத்தவீட்டிலை சொன்னதை எடுங்கோ."

அவன் காட்டைப் பார்த்தான், றோட்டைப் பார்த்தான். ஒரு பஸ் போனது. "என்ரை தம்பியைக் கடல்தான் கொண்டது" என்றான். "போதுமோ?"

எனக்குப் போதும். நான் கதவைத் திறந்து இறங்கவும் தொடங்கினேன், பெட்டி ஏற்ற. அக்கா அசையவில்லை.

"அப்ப ஏன் அப்பிடிச் சொன்னனீங்கள்?"

"அது... அந்த நேரம்... கவலையிலை."

"கவலையிலை ஒரு ஆள் என்ரை பேரை எடுக்கத் தேவையில்லை. ஏன் சொன்னனீங்கள்?"

அவன் குனிந்தபடி, லொறியின் சில்லுக்குச் சொல்லுகிறமாதிரிச் சொன்னான்: "என்ரை வலை கடலிலை கிடந்தது. காத்து எழும்பப்போகுது எண்டு றேடியோவிலை சொன்னவங்கள். ஒருத்தரும் போக விரும்பேல்லை. நான்தான் அவனைக் கூப்பிட்டு, போய் எடுத்துக்கொண்டு வா எண்டு அனுப்பினன். அவன் மாட்டன் எண்டவன். நான்தான் ஏசி அனுப்பினன்."

அக்காவுடைய முகத்தில் நான் எதிர்பார்த்த எதுவும் இல்லை. அழுகையில்லை, கோபமில்லை. மடியில் கிடந்த கச்சான் கோதுகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கிச் சுருளுக்குள் போட்டார்.

"வலை வந்ததோ?" என்று கேட்டார்.

"வந்தது."

"வந்ததோ?"

"அடுத்தநாள் இன்னொரு போட் கொண்டுவந்து தந்தது."

அக்கா அந்தச் சுருளை மடித்துக் கீழே வைத்தார். அதற்குப் பிறகு அவனோடு பேசிய ஒரு வசனத்திலும் அந்த 'ங்கோ' மரியாதை இல்லை. "பெட்டியளை ஏத்தும்" என்றார். நாங்கள் ஆம்பிளையள் மூன்று பேரும் முறிந்து முறிந்து பெட்டிகளை மாற்றினோம். எல்லாம் ஏற்றி முடிய, நடுச் சீற்றைத் தட்டிக் காட்டினார். "ஏறும்."

சம்மாட்டி எனக்கும் அவருக்கும் நடுவில் ஏறி இருந்தான். டிரைவர் செத்த லொறிக்குக் காவலாக நின்றான். நான் கியரைப் போட்டேன்.

"லொறியைத் திருப்பு தம்பி."

"அக்கா, கொழும்பு அங்காலை."

"தெரியும். திருப்பு."

"மீன் பழுதாப்போமக்கா! இந்த ஓட்டமும் போனா ஒருத்தரும் எங்களுக்கு மீன் தரமாட்டினம். லொறியை வித்துப்போட்டு இருக்கவேண்டியதுதான்."

"விப்பம்" என்றார். "அனுப்பின மீன் திரும்பி வந்தாத்தான் முழுச்சனமும் துறைக்கு ஓடிவரும். தனித்தனிய வீடு வீடாய்ப் போய்ச் சொல்ல எனக்குக் காலில்லை."

சம்மாட்டி ஏதோ சொல்லப் பார்த்தான். "அங்கை வந்து சொல்லும்" என்றார் அக்கா, முன்னாலே பார்த்தபடி. திருப்பினேன். ஆனையிறவு வரும்வரை பின்னால் ஐஸ் உருகிச் சொட்டிக்கொண்டிருந்தது. அவனுடைய தோள் என்னுடைய தோளில் முட்டிக்கொண்டிருந்தது. அந்த மனுஷன் அழுதான். எனக்கு இரக்கம் வரவில்லை. வரவேணுமே என்று பார்த்தேன், வரவில்லை. சாவகச்சேரி தாண்டினபோது அக்கா போனை எடுத்து, சம்மாட்டி வீட்டுப் பிள்ளையள் யாரிடமோ சொன்னார்: "மாமியைத் துறைக்குக் கூட்டிக்கொண்டு வாங்கோ. நித்திரையெண்டா எழுப்பிக்கொண்டு வாங்கோ. உங்கடை அப்பா வாறார்."

துறைக்குப் போய்ச்சேரப் பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. அக்கா சொன்னமாதிரியே, மீன் லொறி திரும்பிவிட்டது என்ற கதை எங்களுக்கு முன்னாலே போய்ச் சேர்ந்திருந்தது. ஆம்பிளை, பொம்பிளை, குஞ்சு குருமான் எல்லாம் ஓடிவந்து லொறியைச் சுற்றிக்கொண்டது. "எங்கடை மீனை ஏனடி திருப்பிக் கொண்டந்தனி?" என்று ஒரு போட்காரர் அக்காவின் முகத்துக்கு நேரே கையை நீட்டினார். "விசர் பிடிச்சிட்டுதோ உனக்கு?" என்று இன்னொருத்தி நெஞ்சில் அடித்துக்கொண்டாள். அக்கா இறங்கி, சம்மாட்டிக்குக் கதவைத் திறந்து பிடித்தார். அவன் இறங்கியதும் சத்தம் மெல்ல மெல்ல அடங்கியது.

பேரப்பெடியள் இரண்டு பேர் மாமியைப் பிளாஸ்டிக் கதிரையோடு தூக்கிக்கொண்டு வந்து முன்னுக்கு வைத்தார்கள். என்ன நடக்கிறதென்று தெரியாமல் அந்த மனுஷி எல்லாருடைய முகத்தையும் மாறி மாறிப் பார்த்தது. அக்கா போய்க் கதிரைக்குப் பின்னால், மாமிக்குத் தெரியாமல் நின்றுகொண்டார்.

சம்மாட்டி தொடங்கினான். நாடி நெஞ்சில் முட்ட, நிலத்தைப் பார்த்துக்கொண்டு, வலை என்றான், றேடியோ என்றான், நான்தான் என்றான். முன்வரிசையில் நின்ற பொம்பிளைகள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். ஒருத்தர் தொப்பியைக் கழற்றினார். மாமி மட்டும் கழுத்தை நீட்டி, அவனுடைய உதட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவன் சொல்லி முடித்துவிட்டு நிமிர்ந்து, போகலாமா என்கிறமாதிரி அக்காவைப் பார்த்தான்.

"முதல்லை இருந்து சொல்லும்" என்றார் அக்கா. "சத்தமா. மாமிக்குக் காது கேக்காது."